தக்கை போட்டாச்சா?

— அசையாத ஓரின். பின்னாலயே வருது.

— எங்க, அக்கா? எனக்கு ஒண்ணும் தெரியலையே.

— தூண்டில்ல மாட்டின பொய்மீன் கட்டைக்கு ஒரு முழம் பின்னாடி. கறுப்பா, முங்கின மரம் மாதிரி. மூச்சு விடாத. படகு ஓரத்துக்கு வந்ததும் தூண்டில தண்ணிக்குள்ள எட்டு வடிவத்துல சுத்தப் போறேன்.

— வளைவ அகலமா போடுக்கா. மஸ்கி மீனுக்கு உடம்பு நீளம், சட்டுனு திரும்பாது.

— யாருக்குடா பாடம் எடுக்கற? முப்பது வருஷமா இந்த ஏரியில ஊர் ஊரா வந்தவனுக்கெல்லாம் மஸ்கி புடிச்சுக் காட்டினவ இந்த லவோன். நீ வலைய எடு, போதும். ஒரு வளைவு... கூடவே திரும்புது பாரு, ராட்சசி... ரெண்டாவது வளைவு... கடிச்சிருச்சு! வலைடா! வலை!

— இந்தா, இந்தா! தலைய இப்படித் திருப்பு. இன்னும் கொஞ்சம். ஆச்சுக்கா! உள்ள வந்துருச்சு! அம்மாடி, இது மீனா, முதலையா?

— அம்பது அங்குலத்துக்குக் குறையாது, கேட்டியா. படகுல தூக்காத. வலையோட தண்ணியிலயே வச்சிரு. காத்துல தூக்கினா இந்தக் குளிர்ல செவுள் உறைஞ்சிரும்.

— அக்கா.

— என்ன?

— என் பூட்ஸுக்குள்ள தண்ணி.

— ஏரிக்கு வந்தா தண்ணி இருக்கும். வெயிலா இருக்கும்?

— படகுக்குள்ளக்கா. கணுக்கால் முங்குது. பின்பக்கம் முழுக்க எறங்கிப் போயிருக்கு.

— தண்ணி எறைக்கிற பம்பு ஓடலையா?

— இவ்ளோ நேரம் ஓடி ஓடித்தான் நம்மள ஏமாத்தியிருக்கு. இப்ப சத்தமே இல்ல. பேட்டரிய தண்ணி முங்கடிச்சிருச்சு.

— தக்கை! டேய் ஓரின், படகோட அடி ஓட்டைக்குத் தக்கை போட்டியா இல்லையா? படகு எறக்குற எடத்துலயே தக்கை போட்டாச்சான்னு ஒரு பேச்சு வந்துச்சே!

— கேள்வி வந்துச்சுக்கா. போட்டாச்சுன்னு பதிலும் வந்துச்சு.

— பதில் வந்துச்சாம்! தக்கை வரலியே! ரோட்டுல இழுத்துட்டுப் போகும்போது தக்கைய கழட்டிறணும், ஒரு ஏரித் தண்ணிய இன்னொரு ஏரிக்குக் கொண்டு போகக் கூடாதுன்னு சட்டம் போட்டிருக்கான். சரி, கழட்டினோம். கழட்டத் தெரிஞ்சவனுக்கு மாட்டத் தெரிய வேணாமா?

— என் தப்புதான்க்கா. வீட்டுக்குப் போயி நாலு அற குடு. இப்ப மீன விட்டுரு. இன்ஜின் கிளம்புதான்னு பாக்கறேன். கிளம்பிட்டா பொழைச்சோம். வேகமா ஓடினா உள்ள இருக்கற தண்ணி அந்த ஓட்டை வழியாவே வெளிய போயிரும். நின்னாத்தான் நம்மளக் குடிக்கும்.

— கொக்கி செவுள் ஓரத்துல மாட்டியிருக்கு. வெட்டுற குறடு எங்க?

— அக்கா!

— குறடு எங்கன்னு கேட்டேன்.

— இந்தா. சாவியத் திருப்பறேன்... ம்ஹூம். டிக்குனு கூட சொல்லல. செத்துருச்சு.

— சின்ன மோட்டார கயிறு இழுத்துக் கிளப்பு.

— அது பட்டறையில கெடக்கு. கார்பரேட்டர் பிரிச்சுப் போட்டிருக்கேன். இன்னிக்கு ஒரு நாள்தானே, பெரிய இன்ஜினே போதும்னு நெனச்சேன்.

— நெனச்சானாம்! வாரம் முழுக்க படகுக்கு அடியில படுத்துக் கெடந்தியே, என்னத்தடா பண்ணின?

— ஒயர் எல்லாம் புதுசு போட்டேன். இன்ஜினுக்கு எண்ணெய் மாத்தினேன். பம்பக் கழட்டிக் கழுவி மாட்டினேன். சக்கரத்துக்கெல்லாம் கிரீஸ் வச்சேன். எல்லாமே பாத்தேன்க்கா. கட்டை விரல் அளவு ஒரு ரப்பர், அதுல மட்டும்...

— சரி, அழாத. மூணு கொக்கிய வெட்டிட்டேன். கட்டை கழண்டிருச்சு. நீ வந்து வால புடி.

— அக்கா, கெஞ்சிக் கேக்கறேன். விட்டுரு. பக்கெட் எடுத்துத் தண்ணி எறைக்கணும்.

— பாருடா, வயிறு மேல வருது. நிமிர முடியல அதுக்கு. இப்படியே விட்டா அடியில போயி செத்துக் கெடக்கும். இதுக்கு இருபது வயசாவது இருக்கும். பனி மூடின ஏரிக்கு அடியில இருபது குளிர்காலம் தாக்குப் புடிச்சது, உன் தக்கையால சாகணுமா?

— நம்ம வயசக் கூட்டினா நூத்தி இருபத்தி மூணு வருதுக்கா. அதையும் கொஞ்சம் யோசி.

— மீன் நீந்திப் போகாம படகு நகராது. இது என் படகு வழக்கம், உனக்குத் தெரியும். வாலடியில ஒரு கை, வயித்துக்குக் கீழ ஒரு கை. உருவாத. சும்மா நிமித்திப் புடி. தண்ணி தானா செவுள்ல போகட்டும்.

— புடிச்சிருக்கேன். கை இருக்கறதே தெரியல எனக்கு.

— நான் எறைக்கறேன். பக்கெட் எங்க?

— உன் கையிலக்கா.

— ஆங். இந்தா எறைக்கறேன். பேசிட்டே இரு, கை மரத்தது தெரியாது.

— என்னத்தப் பேச?

— அந்த டாக்டரம்மா சொன்னதப் பேசு. அன்னிக்கே சொன்னாங்கல்ல, இனிமே தனியா விடாதீங்க, அடுப்பு, வண்டி எதுவும் கையில குடுக்காதீங்கன்னு. நான்தான் எளகிட்டேன். போன வாரம் கேஸத் தெறந்து விட்டுட்டு நீ பாட்டுக்குப் போயிட்ட. வீடே நாறுச்சு.

— ஆமாக்கா. போன வாரம்.

— அதுக்கு முன்னாடி லாரிய எங்க நிறுத்தினோம்னு தெரியாம ரெண்டு மணி நேரம் தேடினோம்.

— தேடினோம்.

— இதோட போதும்டா தம்பி. கோவிச்சுக்காத. இந்த சீசனோட படகு சாவிய நான் வாங்கி வச்சுக்கறேன். உன்ன நம்பி இனிமே தண்ணியில எறக்க முடியாது, கேட்டியா?

— கேட்டேன்க்கா. அதுக்குத்தான் இன்னிக்கு ஒரு நாள் வந்தோம். கடைசியா ஒரு நாள்.

— தனியா விடக் கூடாதுன்னுதான் சொன்னாங்க.

— அதான் ஒண்ணாத்தானே இருக்கோம். அக்கா! துடிக்குது! வாலு கையில திமிருது!

— விட்டுறாத, அதுவா பிச்சுட்டுப் போகணும்!

— போயிருச்சு! மூஞ்சியில அடிச்சுட்டுப் போயிருச்சு!

— ஹா! அது திட்டிட்டுப் போகுதுடா. நல்லா இரு தாயே.

— இப்ப தக்கை. டப்பாவுல இல்ல. சீட்டுக்கு அடியில இல்ல. என் பாக்கெட் ரெண்டும் பாத்தாச்சு.

— மாத்துத் தக்கை?

— லாரியில.

— நல்ல எடம். லாரி முங்காம இருக்கும்.

— அக்கா, உன் கோட்டுப் பாக்கெட்டையும் ஒரு தடவ பாரேன்.

— என் பாக்கெட்ல ஏன்டா இருக்கப் போகுது? இதுல மான் சாசேஜ் இருக்கு. இதுல... இதென்ன? தக்கை! டேய், என் பாக்கெட்டுக்குள்ள எப்படிடா வந்துச்சு?

— நாந்தான் போட்டேன்க்கா. லாரியில ஏறும்போது. மறந்தே போச்சு.

— உன்ன வச்சுக்கிட்டு! சொந்தத் தம்பியா போயிட்ட, இல்லேன்னா மீனுக்குப் பதிலா உன்னத்தான் ஏரியில விட்டிருப்பேன்.

— திட்டு, ஆனா குடு. ஓட்டை வெளிப்பக்கம் இருக்கு, குப்புறப் படுத்துக் கைய தண்ணிக்குள்ள விட்டாத்தான் எட்டும். என் பெல்ட்டப் புடிச்சுக்கறியா?

— புடிச்சுட்டேன். ரெண்டு கையாலயும். எறங்கு.

— ஆ... ஆ... நெருப்பா சுடுது தண்ணி. ஓட்டை எங்க... தட்டுப்படுது. விரலுக்கு உணர்ச்சி இல்லக்கா, தக்கை நழுவுது.

— நழுவ விட்ட, கொன்னுருவேன். பெருவெரல்ல அமுக்கி, தக்கை மேல இருக்கற நெம்பு கம்பிய மடக்கு. டப்புனு ஒரு சத்தம் வரும்.

— அமுக்கறேன்... மடங்கிருச்சு! மாட்டிருச்சுக்கா! இழு!

— பெரிய அலை வருதுடா! ஓரின், தலைய எடு! தலை!

— இழுக்கா!

— இழுத்துட்டேன். இழுத்துட்டேன். இருமு. நல்லா இருமு. என்னப் பாரு.

— தக்கை போட்டாச்சு. போட்டு என்ன? ஒரே அலையில முழங்காலுக்கு வந்துருச்சு.

— படகு முழுசா முங்காது. சீட்டுக்கடியில மிதக்குறதுக்கு நுரை அடைச்சிருக்கு.

— படகு முங்காது. நாமதான் வெறச்சுப் போவோம். பக்கெட் எங்க?

— அடிச்சுட்டுப் போயிருச்சு. அதோ போகுது, எனக்கு முன்னாடி கரைக்கு.

— போனும் நனஞ்சு செத்துருச்சு. ஊரே மான் வேட்டைக்கு காட்டுக்குள்ள இருக்கு. இந்த வாரம் ஏரிக்கு வர்ற பைத்தியம் நாம ரெண்டு பேருதான்.

— விசில் இருக்குல்ல? மிதவைச் சட்டையில தொங்குது பாரு. மூணு தடவ ஊதி விடு. தீவுல யாராவது மரத்து மேல துப்பாக்கியோட உக்காந்திருப்பான். அவன் சுட வந்த மானெல்லாம் ஓடிரும். திட்டறதுக்காகவாவது எறங்கி வருவான்.

— உதடு குவியலக்கா.

— குடு இங்க. நான் ஊதறேன். நீ என்கிட்ட ஒட்டி உக்காரு. இன்னும் கிட்ட. சின்னதுல நடுங்கினா இப்படித்தான் என் கக்கத்துல வந்து சொருகிக்குவ.

— இப்பவும் சொருகிக்கறேன். நீ ஊது.

— ஊதிட்டேன். இன்னும் ஊதறேன்.

— நிறுத்தாத. தூங்கிறாத. அக்கா, கண்ண மூடாத. அக்கா! என் பேர் சொல்லு.

— சும்மா இருடா. குளிருது.

— குளிரும். அதோ! அதோ ஒரு தட்டைப் படகு! வேட்டைக்காரன் போடற ஆரஞ்சு கோட்டு! ஏய்! இங்க!

— என்ன ஓரினு, நவம்பர் மாசத்துல நீச்சல் பழகறீங்களா? ஆண்டவரே! எம்புட்டுத் தண்ணி!

— டெல்பர்ட்! கிட்ட வா, சீக்கிரம்!

— வர்றேன், வர்றேன். மோதிராம வர விடு. நானே ஓவர் பாரத்துல வர்றேன், உள்ள மான் கெடக்கு. சுடச்சுட இப்பத்தான் அடிச்சேன், எட்டு முனைக் கொம்பு.

— மானத் தூக்கிப் போடுடா!

— ஆண்டவரே... அஞ்சு வருஷம் காத்துக் கெடந்து அடிச்சது. சரி, போய்த் தொலை. இந்தா போச்சு. என் பொண்டாட்டிகிட்ட நீதான் வந்து சொல்லணும்.

— யாரு இவரு? டெல்பர்ட்டோட அப்பாவா?

— டெல்பர்ட்டேதான் லவோன் அக்கா. அப்பா மாதிரி கெழடாயிட்டேன், அவ்ளோதான். ஓரினு, தக்கைய யாருப்பா மறந்தது?

— நாந்தான்.

— நீயா? வீட்டுக் கதவ மூணு தடவ இழுத்துப் பாக்கற ஆளா? நம்பச் சொல்றியா?

— நாந்தான்னு சொல்றேன்ல! அப்புறம் பேசலாம். மொதல்ல அக்காவ ஏத்து.

— சரி, சரி. நான் ரெண்டு படகையும் சேத்துப் புடிச்சிருக்கேன். ஒவ்வொருத்தரா வாங்க, ஒரே பக்கம் பாரம் விழுந்தா மூணு பேரும் மீனுக்குத் தீனி. அக்கா, என் தோளப் புடிச்சுக்கங்க.

— அக்கா, இந்தக் கால அந்தப் படகுல வை. நான் பின்னால புடிச்சிருக்கேன். நீ ஏறின மறுநிமிஷம் நான் ஏறிருவேன்.

— அவசரப்படுத்தாதீங்க.

— சீட்டுக்கு மேல தண்ணி வந்துருச்சுக்கா. கால் வெறச்சுப் போச்சு எனக்கு, ரொம்ப நேரம் நிக்க முடியாது. கையக் குடு. குடுக்கா, தயவுசெஞ்சு.

— கைய விடுங்க சார். நீங்க முன்னாடி ஏறிக்கங்க, பாவம், இப்படி நடுங்கறீங்க. என் தம்பி இன்னும் இந்தப் படகுலதான் இருக்கான், அவன விட்டுட்டு நான் எங்கயும் வர மாட்டேன்.