இலவசத்துக்கு ஒரு விளம்பரம்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் கூட்டம் நடத்துகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சமோசாவை முதலிலேயே கொடுத்துவிடாதீர்கள். நான் கொடுத்தேன். ஆலைகளிலிருந்து வந்த மேற்பார்வையாளர்கள் தின்றுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்கள். சிஃபா கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு காலி நாற்காலிகளுக்கு முன்னால் நின்றாள்.

மென்பொருள் அவள் எழுதியது. பழவேற்காட்டில் அவர்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து வருடக்கணக்காக எழுதினாள். ஆலையில் விஷவாயு கசிந்தால் அலுவலகக் கணினியிலேயே எச்சரிக்கும். யாரும் சும்மா எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று பிரித்துப் பார்க்கலாம், தேவைக்கு மாற்றியும் கொள்ளலாம். புதிய பதிப்பு தீபாவளிக்குள் வெளிவர வேண்டும். சுவரொட்டி, வீடியோ, ஆலை ஆலையாகப் போய்ப் பேசுவது என்று அதை ஊரறியச் செய்யும் வேலை இந்தத் தணிகைவேலுடையது.

இறால் பதப்படுத்தும் ஓர் ஆலையில் மட்டும் ஓட்டிப் பார்க்க அனுமதி கிடைத்தது. அங்கே குளிரூட்டுவதற்கு அம்மோனியா. மேலாளர் ஜெகன் ஏற்கெனவே நல்ல விலை கொடுத்து வேறொரு மென்பொருள் வாங்கியிருந்தார். எங்களுடையது ஒரு மூலையில் கிடக்கட்டும் என்றார்.

"சும்மா குடுக்குற சாமான்ல இன்னாப்பா இருக்கப் போவுது? டப்பு வாங்காதவன் நாளைக்கு போன் எடுப்பானா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிஃபாவும் மரியாதைக்காகச் சிரித்து வைத்தாள். எனக்கு வயிறு எரிந்தது. இப்போது சொல்லும்போதும் எரிகிறது.

ஆயுத பூஜைக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். அம்மோனியா அறையைப் பெருக்கும் குப்பம்மாள்தான் அங்கே எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள். சுவரில் வாயுவை மோப்பம் பிடிக்கும் கருவி ஒன்று இருந்தது, முகத்தில் சின்னச் சல்லடையோடு. அதற்கு மட்டும் சந்தனத்தை அள்ளி அப்பினாள். அதற்கென்ன அவ்வளவு என்று கேட்டேன்.

"மத்ததெல்லாம் மொதலாளிக்கு ஒழைக்குது நைனா. இது ஒண்ணுதானே நம்ம உசுர காவ காத்துகினு கீது."

சல்லடை முழுக்க அடைத்துக்கொண்டது. ஜெகனின் மென்பொருள் வாயுவே இல்லை என்று நம்பிப் பச்சை காட்டியது. எங்களுடையது அப்படி ஏமாறாது. அளவு கொஞ்சமும் அசையாமல் நின்றால் அது கருவியையே சந்தேகப்படும். புதிய பதிப்பின் சிறப்பே அதுதான். அன்று மாலையே எங்கள் திரையில் மஞ்சள் எச்சரிக்கை வந்தது. எளாவூரில் என் வீட்டுக் கணினியிலும் அது தெரியும்படி வைத்திருந்தேன். பார்த்ததும் எனக்குப் பயம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. அதை மறைக்க மாட்டேன்.

இறால் உரிப்பவர்களுக்கு மறுநாளும் விடுமுறை. அம்மோனியா அறையும் அலுவலகமும் பூட்டிக் கிடந்தன, இயந்திரங்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. குழாயில் அழுத்தம் மெல்ல இறங்கத் தொடங்கியது. அழுத்தத்தையும் சேர்த்துப் பார்ப்பதால் எங்கள் திரை சிவப்பானது. அழுத்தம் இறங்கினால் வாயு எங்கோ வெளியே வருகிறது என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். நான் சுவரொட்டி செய்துகொண்டிருந்தேன். பூஜையன்று படம் பிடித்திருந்த ஜெகனின் பச்சைத் திரை இடப்பக்கம், எங்கள் சிவப்புத் திரை வலப்பக்கம். தலைப்பு எழுத்துதான் வெகுநேரம் சரியாக அமையவில்லை.

விடுமுறை முடிந்து அந்த அறைக்குள் முதலில் போவது யார் என்று எனக்குத் தெரியும். வாடிய பூவையும் சிந்திய பொரியையும் குப்பம்மாள்தான் கூட்டியாக வேண்டும். கதவைத் திறந்தவள் வாசலிலேயே விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் உயிர் போய்விட்டது.

அன்றைக்கே சுவரொட்டியை வெளியிட்டேன். சிப்காட் முழுக்க எங்கள் மென்பொருளை இறக்கிக்கொண்டார்கள். ஜெகனே போன் செய்து, எப்படிப்பா நிறுவுவது என்று பணிவாகக் கேட்டார். சிஃபா மட்டும் சுவரொட்டியை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இந்த செவப்பு ஸ்க்ரீன எப்ப எடுத்தீங்கண்ணா?"

முந்தின நாள் மத்தியானம் என்றேன். அவளிடம் நான் பொய் சொன்னதே கிடையாது.

"அப்ப பாத்துகினேவா இருந்தீங்க?"

அவள்தான் என்னை இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் அழைத்து வந்தாள். வழியெல்லாம் அழுதாள். அவளுடைய நான்கு வருட உழைப்பை ஊரே கொண்டாடும்போது எதற்கு அழுகிறாள் என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

குப்பம்மாள்மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை. என் கோபமெல்லாம் சிரித்தவர்கள் மேல். நான் யாரையும் பிடித்துத் தள்ளவில்லை. ஒரு போன் செய்யவில்லை, அவ்வளவுதான். செய்திருந்தால் அவளே ஈரத்துணியால் சந்தனத்தைத் துடைத்திருப்பாள், குழாயையும் யாராவது சரிபார்த்திருப்பார்கள். ஒன்றுமே நடந்திருக்காது. அப்புறம் எங்களை யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள்?