இரண்டாவது பொத்தான்

காரின் இருக்கை ஓட்டுகிறவரின் காலுக்கு எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும் என்பதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இருக்காது. நீங்களும் என்னைப் போலக் கொஞ்சம் குட்டையானவர்தான். வாசலில் வந்து நிறுத்தியபோது கவனித்தேன், ஸ்டீயரிங்கை ஒட்டி உட்கார்ந்திருந்தீர்கள். போலீஸ் வண்டியாக இருந்தாலும் நம்மைப் போன்றவர்களுக்கு அதே கதிதான் போலிருக்கிறது. ஆகவே நான் சொல்லப்போவதில் பாதி உங்களுக்குச் சொல்லாமலே புரியும். மீதிப் பாதியைச் சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் கோர்டன் போர்ஸ்மாவை இந்த ஜீலண்ட் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அலுவலக நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் தர ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, ஒவ்வொரு திருகையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, "இது சரியில்லை" என்று சொல்வதற்கு அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஓய்வு பெற்ற பிறகு அதையே வீட்டில் இலவசமாகச் செய்தார். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் நான் அடுக்கிய தட்டுகளை வெளியே எடுத்து மறுபடி அடுக்குவார். நான் விரித்த படுக்கையின் ஓரங்களைப் பிரித்து மறுபடி செருகுவார். சர்ச்சில் பாடும்போது என் சுருதி விலகினால் முழங்கையால் மெதுவாக இடிப்பார். கெட்ட மனிதர் இல்லை. குடிக்கமாட்டார், கை ஓங்கியதில்லை. திருத்துவார், அவ்வளவுதான்.

புதுக் கார் எடுக்கப் போன அன்று விற்பனைப் பெண் எங்களுக்கு எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினாள்.

"கதவுல ரெண்டு பட்டன் இருக்கு பாருங்க, மிஸ்டர் போர்ஸ்மா. முதல் பட்டன்ல உங்க சீட்டு, கண்ணாடி, ஸ்டீயரிங் எல்லாம் எப்படி வேணுமோ அப்படிச் சேமிச்சு வச்சுக்கலாம். ரெண்டாவது மிஸஸ் போர்ஸ்மாவுக்கு. அமுக்கினா போதும், தானா நகர்ந்து வந்துடும்."

"முதல் பட்டன்ல நான் சாதா ஷூ போட்டிருக்கறப்போ எப்படியோ அப்படி வை. ரெண்டாவதுல பனிக்கால பூட்ஸுக்கு வை" என்றார் கோர்டன்.

"அப்ப இவங்களுக்கு?"

"அவளுக்கு எதுக்கு? கடைக்கும் சர்ச்சுக்கும்தானே ஓட்டறா. கையால தள்ளிக்கட்டும்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் எனக்கு நீண்ட பயிற்சி உண்டு. பிறகு அவள், காரின் அத்தனை செட்டிங்கையும் போனிலிருந்தே மாற்ற ஒரு ஆப் இருக்கிறது என்றாள். "அந்த விளையாட்டுச் சாமானையெல்லாம் அவ போன்ல போடு" என்றார் கோர்டன். இப்படியாக இரண்டு பொத்தான்களும் அவருக்கும், மற்றதெல்லாம் எனக்கும் வந்து சேர்ந்தன.

அந்தப் பனிக்காலம் முழுக்க நான் காரோடு வந்த கையேட்டைப் படித்தேன். கோர்டன் படிக்கவில்லை. தெரிந்தவர்கள் படிக்க வேண்டியதில்லை. அதில் ஓட்டுபவரின் விருப்பத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளக்கூடியவை என்று ஒரு பெரிய அத்தியாயமே இருக்கிறது. இறங்கிய பிறகு விளக்குகள் எவ்வளவு நேரம் எரிய வேண்டும், பூட்டும்போது ஹாரன் ஒலிக்க வேண்டுமா, பின்னால் எடுக்கும்போது பக்கக் கண்ணாடி தரையைப் பார்த்துக் குனிய வேண்டுமா, எந்தக் கதவு முதலில் திறக்க வேண்டும். ஒரு மனிதரிடம் யாரும் இவ்வளவு அக்கறையாக விருப்பத்தைக் கேட்டு நான் பார்த்ததில்லை. என்னிடம் கேட்டதே இல்லை.

முதலில் நேர்மையாகத்தான் செய்தேன். இரண்டாவது பொத்தானில் என் அளவைச் சேமித்தேன். அடுத்த பனி விழுந்ததும் கோர்டன் பூட்ஸோடு ஏறி அதை அமுக்கினார். இருக்கை முன்னால் வந்து அவர் முட்டியை ஸ்டீயரிங்கோடு சேர்த்து நெருக்கியது. வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தது. பின்வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஆர்லீன் கூட நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரு என் சீட்டைத் தொட்டது?"

"வீட்ல நாம ரெண்டு பேர்தானே இருக்கோம், கோர்ட்."

"ஒரு பொருளை இருக்கற இடத்துல விடத் தெரியாதா உனக்கு? எத்தனை தடவை சொல்றது?"

பழைய அளவையே திரும்ப வைத்துக் கொடுத்தேன். ஆனால் அன்று ஒன்றைப் புரிந்துகொண்டேன். ஒரு பொருள் அதிகமாக நகர்ந்தால் அது வெர்னாவின், அதாவது என்னுடைய தப்பு. கொஞ்சமாக நகர்ந்தால் யாருடைய தப்பு என்று அவரால் சொல்ல முடியாது. கண்ணுக்குத் தெரியாத அளவு நகர்ந்தால் தன்னையேதான் சந்தேகப்பட்டாக வேண்டும்.

அதனால் கொஞ்சமாக நகர்த்தினேன். ஒரு விரல் அகலம் முன்னால், அப்புறம் அரை விரல் பின்னால். கண்ணாடியை ஒரு மயிரிழை. ரேடியோவில் அவருடைய விவசாயச் செய்தி நிலையத்தின் இடத்தில் பக்கத்து நிலையம். விளக்குகள் சில நாள் அவர் இறங்கியதும் அணையும், சில நாள் அவர் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே நிற்கிற வரை எரியும். "நான் அணைச்சேனே, வெர்னா" என்பார். "நீ அணைச்சிருப்ப, கோர்ட்" என்பேன். கவனியுங்கள், ஒருமுறைகூட நான் அவரிடம் பொய் சொன்னதில்லை. 'இருப்ப' என்றுதான் சொன்னேன்.

நெடுஞ்சாலை விஷயத்தை நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். கிராண்ட் ராப்பிட்ஸ் நகரத்துக்குப் போகும் வழியில் நடந்தது. வேகம் காட்டும் எண்களை மைலிலிருந்து கிலோமீட்டருக்கு மாற்றியிருந்தேன். கனடாக்காரர்களுக்காக வைத்திருக்கிற வசதி. கோர்டனுக்கு அளவுகருவி சொன்னால் வேதவாக்கு. அறுபது என்று காட்டியது, அறுபது மைல் என்று நினைத்துப் போனார். உண்மையில் சைக்கிள்காரன் போட்டி போடலாம் என்கிற மாதிரிதான் ஊர்ந்துகொண்டிருந்தோம். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. "என்ன ஆச்சு இவனுங்களுக்கெல்லாம்?" என்றார். கழுத்து சிவந்துவிட்டது. ஆபத்துதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நானும்தானே அந்தக் காரில் உட்கார்ந்திருந்தேன். சுயநலக்காரி அப்படிச் செய்வாளா?

போலீஸ்காரர் ஓரங்கட்டச் சொன்னார். கோர்டன் ஜன்னலை இறக்கிவிட்டு வெளியே தலையை நீட்டியபோது நான் திரையில் ஒரு விரலை வைத்தேன்.

"சார், இந்த ரோட்டுல இப்படிப் போனா பின்னாடி வர்றவன் மேல ஏத்திடுவான். உடம்பு ஏதும் முடியலையா?"

"அறுபதுலதான்யா வந்தேன். அங்கயே காட்டுது பாரு."

போலீஸ்காரர் குனிந்து பார்த்தார். நின்ற கார் என்ன காட்டும், பூஜ்யம். பக்கத்தில் 'மைல்' என்று இருந்தது. பிறகு கோர்டனைத் தாண்டி என்னைப் பார்த்தார். கண்ணில் அவ்வளவு இரக்கம். எங்கள் கல்யாணத்தன்று கூட என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை, அன்றுதான் அது தேவைப்பட்டிருக்கும். "மேடம், வீடு வரைக்கும் நீங்க ஓட்டறீங்களா?" என்றார். நான் இறங்கிச் சுற்றி வந்து உட்கார்ந்தேன். இருக்கையை முன்னால் நகர்த்தினேன். கோர்டன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

அவர் ஆய்வாளர் அல்லவா, சும்மா இருப்பாரா? இருக்கை ஓடும் தண்டவாளத்தில் நீல ஒட்டுநாடாவை ஒட்டி, பேனாவால் ஒரு கோடு போட்டார். இனி நகர்ந்தால் தெரிந்துவிடும். புத்திசாலித்தனமான காரியம்தான். நாடாவுக்கு ஆப் கிடையாது. அதனால் அதை மட்டும் நான் கையால் செய்ய வேண்டியிருந்தது. நாடாவை உரித்து, இருக்கை நகர்ந்த அளவுக்கு நகர்த்தி ஒட்டினேன். மறுநாள் கராஜில் முட்டி போட்டுக்கொண்டு நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கோடு சரியாக இருந்தது. கால் எட்டவில்லை. அப்போதுதான் அவர் அழுது முதல்முறையாகப் பார்த்தேன். அவருக்குச் சூடாகக் கொஞ்சம் சூப் கொடுத்தேன்.

டாக்டர் நல்லவர், இளைஞர். கடிகாரம் வரையச் சொன்னார், சில வார்த்தைகளைச் சொல்லித் திரும்பச் சொல்லச் சொன்னார். கோர்டன் ஒவ்வொன்றுக்கும் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னிக்கு என்ன கிழமை, மிஸ்டர் போர்ஸ்மா?"

"வியாழன்." கொஞ்சம் பொறுத்து, "வியாழன்தானே, வெர்னா? சரியா சொல்றேனா?"

வியாழன்தான். ஆனால் நான் உடனே பதில் சொல்லவில்லை. டாக்டர் என்னவோ எழுதிக்கொண்டார்.

செய்தி பரவியதும் சர்ச்சிலிருந்து சாப்பாடு வர ஆரம்பித்தது. ஹாம் வைத்த பன், சீஸ் போட்டுச் சுட்ட உருளைக்கிழங்கு, வைக்க இடமில்லாத அளவுக்கு. ஆர்லீன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கர்த்தர் உனக்குன்னு தனியா ஒரு பொறுமையக் கொடுத்திருக்காரு வெர்னா. என்னால முடியாதும்மா" என்றாள். உண்மைதான், அவளால் முடியாது. அவளுக்கு ஆப் திறக்கவே தெரியாது.

கோர்டன் தானாகவே சாவியை என்னிடம் கொடுத்தார். "இனிமே நீயே ஓட்டு. நான் யாரையாவது அடிச்சுக் கிடிச்சுப் போட்டுடுவேன்" என்றார். அங்கேயே நிறுத்தியிருக்கலாமே என்று நினைக்கிறீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் நீங்கள் அவரோடு வீட்டில் இருந்திருக்க வேண்டும். எதையும் திருத்தாத கோர்டன் என்பவர் திருத்துகிற கோர்டனைவிடத் தொல்லை பிடித்தவர். பின்னாலேயே வருவார். "அடுப்ப அணைச்சேனா? மாத்திரை போட்டுட்டேனா? இது என் சட்டைதானா?" தட்டு அடுக்கும்போது பக்கத்தில் வந்து நின்று, "நீ எப்படி வைக்கிறியோ அதுதான் சரி" என்பார். இத்தனை காலம் நான் கேட்க ஏங்கிய வாக்கியம். கேட்டபோது எரிச்சலாகத்தான் வந்தது.

வீட்டின் வெப்பத்தை மாற்றவும் போனில் வசதி இருந்தது. கதவுப் பூட்டுக்கும் இருந்தது. அதற்கு மேல் விவரம் வேண்டாம், உங்களுக்கே தெரியும். ஒரு காலைப் பொழுதில் அவர் பைஜாமாவோடு வெளியே போய், கதவு பூட்டிக்கொண்டு, பனியில் நின்றார். ஆர்லீன்தான் பார்த்து ஓடி வந்து போர்வை போர்த்தினாள். அதற்குப் பிறகு ஏரிக்கரைச் சாலையில் இருக்கும் மறதிக்காரர்கள் இல்லத்தில் இடம் கிடைப்பதில் சிரமம் இருக்கவில்லை. நல்ல இடம். வெளிக்கதவைத் திறக்க மட்டும் எண் தெரிந்திருக்க வேண்டும். நான் காரை எடுத்துக்கொண்டு தனியாகத் திரும்பியபோது, மறுபடி என் அளவைச் சேமித்திருந்த இரண்டாவது பொத்தானை அமுக்கினேன். எல்லாம் தானாக என்னை நோக்கி நகர்ந்து வந்தது. முதல் பொத்தானிலும் என்னுடையதையே வைத்துவிட்டேன். காலி விட்டு என்ன பயன்?

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, என் மகள் ட்ரூடி தொலைவிலிருக்கும் ஓரிகன் மாநிலத்திலிருந்து வரும் வரை. கோர்டனின் மூக்கு, கோர்டனின் கட்டைவிரல். இல்லத்துக்குப் போய் அப்பாவோடு உட்கார்ந்து சீட்டு விளையாடிவிட்டு வந்தாள்.

"அம்மா, அப்பா என்னை மூணு ஆட்டம் ஜெயிச்சாரு. எந்தச் சீட்டு போயிருக்குன்னு எல்லாம் ஞாபகம் வச்சிருக்காரு. அவருக்கு ஒண்ணுமே இல்ல."

"நல்ல நாளும் உண்டு, கண்ணு. நீ தினமும் பார்க்கல."

மறுநாள் அவளே காரை எடுத்துக்கொண்டு டாக்டரைப் பார்க்கக் கிளம்பினாள். சந்தேகப்படுகிற ஒருத்தி டாக்டரிடம் போவது எனக்குப் பிடிக்கவில்லை. யோசித்துச் செய்ததில்லை. கை தானாகப் போனை எடுத்தது. திரையின் மொழியைப் பிரெஞ்சுக்கு மாற்றினேன், இருக்கையை ஒரு விரல் முன்னால் தள்ளினேன். பழக்கதோஷம் என்றுதான் சொல்ல வேண்டும். அவள் அரை வழியில் திரும்பி வந்து சமையலறையில் நின்றாள்.

"அம்மா. கார் என்கிட்ட பிரெஞ்சு பேசுது. சீட்டு தானா நகருது. எனக்கும் மறதி வந்துடுச்சா?"

"களைப்பா இருப்ப."

"போனக் குடும்மா."

கொடுத்தேன். ஒளிக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அவள் பார்த்துக்கொண்டே போனாள், முகம் வெளுத்துக்கொண்டே போனது. அப்புறம் என்னையும் இழுத்துக்கொண்டு நேராக இல்லத்துக்கே போனாள். கோர்டன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். என் முன்னாலேயே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். இருக்கை, விளக்கு, நெடுஞ்சாலை, பூட்டு. "உங்களுக்கு ஒண்ணுமில்லப்பா. எல்லாம் இவ பண்ணது. கிளம்புங்க, வீட்டுக்குப் போலாம்" என்று அவர் கோட்டை எடுத்து நீட்டினாள்.

கோர்டன் கோட்டை வாங்கவில்லை. அவளை வெகுநேரம் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"இல்ல ட்ரூடி" என்றார். "வெர்னா அப்படியெல்லாம் செய்யமாட்டா. எனக்குத்தான் ஞாபகம் நிக்க மாட்டேங்குது. அவளத் திட்டாத."

ட்ரூடி அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். அன்று மாலையே உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்திருக்கிறாள். அவள் மேல் எனக்கு வருத்தமில்லை.

நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியதை எழுதிக்கொள்ளுங்கள். இருக்கையை நகர்த்தியது நான்தான், நாடாவை நகர்த்தியது நான்தான், பனியில் கதவைப் பூட்டியதும் நான்தான். எதையும் மறுக்கவில்லை. ஆனால் அவருக்கு ஒன்றுமில்லை என்று ட்ரூடி சொல்வதை மட்டும் எழுதாதீர்கள். என்னோடு இத்தனை வருஷம் வாழ்ந்துவிட்டு, வெர்னா அப்படிச் செய்யமாட்டாள் என்று ஒரு மனிதர் சொல்கிறார் என்றால், அவருக்கு மறதி நோய் இல்லாமல் வேறென்ன?