முதல் கொதி

கோரின்: ...இல்ல, நான் கேக்குறேன். "பள்ளிக்கூடத்துக்கு வரிய ஏத்த விடமாட்டேன்"னு ரெண்டு மாசமா ஊரெல்லாம் முழங்கினவரு, ஓட்டெடுக்குற நேரத்துல இங்க வந்து அடுப்பு முன்னாடி உக்காந்திருந்தா என்ன அர்த்தம்?

எல்வுட்: கதவச் சாத்துங்க அண்ணி. அனலெல்லாம் வெளிய போகுது.

கோரின்: சாத்தியாச்சு. பதில் சொல்லு.

எல்வுட்: மரத்துல சாறு இறங்கிடுச்சு. உடனே பாகாக் காய்ச்சலேன்னா கெட்டுப் போகும். இன்னிக்கு ஊர்க் கூட்டம்னு மேப்பிள் மரத்துக்குத் தெரியுமா?

கோரின்: ஏன் தெரியாது? மார்ச் மாசம் முதல் செவ்வாக்கெழமைன்னா வெர்மாண்ட்ல கழுதைக்குக்கூடத் தெரியும்.

எல்வுட்: அண்ணன் இருந்த வரைக்கும் நீங்க இவ்வளவு பேச மாட்டீங்க.

கோரின்: உங்க அண்ணன் பேசினாத்தானே நான் பதில் பேசுறதுக்கு!

எல்வுட்: அது என்ன குரல் இப்படிக் கட்டிக் கெடக்கு?

கோரின்: கத்துனேன். அத விடு. ஓட்டு என்னாச்சுன்னு கேக்க மாட்டியா?

எல்வுட்: ...என்னாச்சு?

கோரின்: அப்பாடா, கேட்டுட்டாருய்யா! ஜெயிச்சுட்டோம், கொழுந்தனாரே. வரி கொஞ்சம் ஏறும், ஆனா நம்ம பள்ளிக்கூடம் நம்ம ஊர்லயே இருக்கும். பிள்ளைங்கள பஸ்ல ஏத்தி மலைக்கு அந்தப் பக்கம் அனுப்புற பேச்சு இன்னியோட ஒழிஞ்சுது. நான் அதே பள்ளிக்கூட அடுப்புல, அதே வாண்டுங்களுக்கு சூப் காய்ச்சுவேன்.

எல்வுட்: அதெப்படி? "வேணாம்"ங்கிற ஆளுங்கதானே அதிகம்?

கோரின்: காலைல அதிகம். கை தூக்கச் சொன்னப்ப பாதி நாற்காலி காலி.

எல்வுட்: எங்க போனாங்க?

கோரின்: எங்க போவாங்க? எல்லாம் தோப்புக்காரங்கதானே. உன் கொட்டகைல ஆவி கெளம்பினதப் பாத்துட்டு, கோட்டுக்குப் பட்டன்கூடப் போடாம அவனவன் மரத்துக்குச் சாறு எடுக்க ஓடிட்டான். "எல்வுட் அடுப்பு மூட்டிட்டான்னா நமக்கும் இறங்கிடுச்சு"ன்னு. வருஷா வருஷம் நடக்குறதுதானே.

எல்வுட்: என் சரிவு தெக்குப் பாத்தது. முதல்ல இறங்குறது அங்கதான்.

கோரின்: நம்ம சரிவு.

எல்வுட்: சரி, நம்ம சரிவு. அண்ணன் பங்கையும் சேத்துத்தான். ...ஆமா, அடுத்த தீர்மானம் எடுத்துட்டாங்களா?

கோரின்: இன்னும் இல்ல. சாப்பாட்டுக்கு விட்டிருக்காங்க. ஏன்?

எல்வுட்: சும்மாதான்.

கோரின்: சும்மாவா? அடுத்தத எடுக்குறதுக்குள்ள யாராவது எந்திரிச்சுக் கேட்டா முடிஞ்ச ஓட்ட மறுபடி எடுக்கலாம். எடுத்துட்டா அவ்வளவுதான், அந்தக் கடவுளே வந்தாலும் மாத்த முடியாது. போய்க் கேக்கப் போறியா?

எல்வுட்: அடுப்ப விட்டுட்டு எங்க போறது...

கோரின்: அப்ப சரி. இந்தா பாரு, டோனட், வெள்ளரி ஊறுகாய், ரெண்டும் கூட்டத்துச் சாப்பாட்டுலேந்து கொண்டாந்தேன். முதல் கொதி அன்னிக்கு முதல்ல உள்ள வர்றவங்களுக்குத்தானே முதல் கோப்பை பாகு? ஊத்து.

எல்வுட்: இன்னும் பதம் வரல.

கோரின்: பதம் வராட்டி என்ன, சூடாத்தானே கேக்குறேன்.

எல்வுட்: வரல அண்ணி! கொஞ்சம் பொறுங்களேன்.

லூசியன்: எல்வுட் அண்ணே! அண்ணே! கதவத் திறங்க!

எல்வுட்: போச்சுடா...

கோரின்: என்ன போச்சு? பள்ளத்துத் தோப்பு லூசியன்தானே. வா தம்பி, வா. பூட்ஸ்ல இருக்கிற பனிய வெளியவே தட்டிட்டு வா.

லூசியன்: நீங்களும் இங்கதான் இருக்கீங்களாக்கா? நல்லதாப் போச்சு, நீங்களே கேளுங்க. மரத்துல மாட்டின என் வாளியெல்லாம் பாறையா உறைஞ்சு கெடக்கு! பக்கத்துத் தோப்புலயும் சொட்டு இல்ல. இவருக்கு மட்டும் எப்படிக் கொதிக்குது?

எல்வுட்: தெக்குச் சரிவுப்பா...

லூசியன்: தெக்குச் சரிவுன்னா வெயில் வேணாமா? காலைலேந்து வானம் மூடிக்கிட்டுல்ல கெடக்கு!

எல்வுட்: அது வந்து...

கோரின்: நேத்து சாயங்காலம் நல்லா அடிச்சுதே! உன் தோப்பு பள்ளத்துல இருக்கு, உனக்கு எங்க தெரியும்?

லூசியன்: கூட்டத்துல யாரோ ஜன்னல்கிட்ட நின்னு "ஆவி! ஆவி!"ன்னு கத்துனாங்க. முன்ன பின்ன யோசிக்காம ஓடிட்டேன். இப்ப சாறும் இல்ல, ஓட்டும் போச்சுங்குறாங்க. அண்ணே, உண்மையச் சொல்லுங்க, அந்தக் கொப்பரைல என்னதான் கொதிக்குது?

கோரின்: கேக்குறான் பாரு கேள்வி! வாசனை ஆளத் தூக்குதே, தெரியல?

லூசியன்: மூக்கு அடைச்சுக் கெடக்குக்கா. ஒண்ணும் தெரியல.

கோரின்: ஐயோ பாவம். என்னா வாசனை! இல்ல எல்வுட்?

எல்வுட்: ...ம்? ஆங். ஆமா.

லூசியன்: ஒரு வாய் குடுங்க, நாக்கு சொல்லிடும்.

கோரின்: ஏய், கைய எடு! முதல் கோப்பை எனக்கு. நான் குடிக்காம நீ வாய வச்சா இந்த வருஷம் சாறு நின்னு போகும். உங்கப்பா அப்படித்தான் ஒரு தடவ வாய வச்சாரு, என்னாச்சுன்னு வீட்ல கேட்டுப் பாரு.

லூசியன்: அப்ப சட்டுனு குடிச்சுத் தொலைங்களேன்!

கோரின்: பதம் வரலியாம். நீ டோனட் எடுத்துக்கோ.

லூசியன்: டோனட் தின்ன நேரம் இல்ல... சரி, ஒண்ணு குடுங்க. அண்ணே, கெளம்புங்க. சாப்பாடு முடியுறதுக்குள்ள போய் மறுபடி ஓட்டுக் கேப்போம்.

எல்வுட்: நீ போ.

லூசியன்: நான் கேட்டா எவன் வருவான்? நீங்க ஒரு வார்த்தை சொன்னா தோப்புல நிக்கிற அத்தன பேரும் ஓடி வருவான். ஜெயிக்கிற ஓட்டுண்ணே இது!

எல்வுட்: அடுப்ப விட்டா கொப்பரை கருகிடும்ப்பா.

கோரின்: நான் பாத்துக்குறேன். நீ போயிட்டு வாயேன்.

எல்வுட்: அண்ணி!

கோரின்: என்ன அண்ணி? கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாள்லேந்து காய்ச்சுறேன். எனக்குத் தெரியாதா?

எல்வுட்: இது... புது அடுப்பு. உங்களுக்குப் பழக்கம் இல்ல.

லூசியன்: அண்ணே, வரிய ஏத்துனா நான் தோப்ப வித்தாகணும். உங்களுக்கே தெரியும். நீங்கதானே முதல்ல எந்திரிச்சு நின்னீங்க?

எல்வுட்: ...தெரியும்டா.

லூசியன்: அப்புறம்?

எல்வுட்: அந்தத் தோப்பு விக்கிற நிலைமை வராது. இந்த வருஷம் உன் சாறையும் நானே காய்ச்சித் தர்றேன், விறகு என்னோடது. ஆனா இப்ப நான் வரல. வரலன்னா வரல.

லூசியன்: என்ன இது, பேச்சே ஒரு மாதிரி இருக்கு...

கோரின்: ஊறுகாயத் தொட்டுக்கோ, இனிப்புக்கு நல்லாருக்கும். இரு, போன் அடிக்குது. ...சொல்லு ஹேசல், கூட்டத்துல என்ன நடக்குது? ...ம். ...அப்படியா? ...ஆரம்பிச்சுட்டாரா? ...சரி, வச்சிடு.

எல்வுட்: எடுத்துட்டாங்களா?

கோரின்: எடுத்துட்டாங்க. ஊருக்குப் புதுசா பனி தள்ற வண்டி வாங்குற தீர்மானம். கூட்டத் தலைவர் இப்பத்தான் படிச்சு முடிச்சாராம்.

லூசியன்: அட சே! ஒரு டோனட்டுல போச்சே!

கோரின்: ரெண்டு. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

லூசியன்: போறேன், அந்த வண்டியாவது வேணாம்னு கை தூக்கிட்டு வர்றேன்.

எல்வுட்: டேய், அது நான் ஓட்டப் போற வண்டிடா!

லூசியன்: ...சரி, அதுக்கு மட்டும் "வேணும்"னு தூக்குறேன். ஆனா சாறு விஷயத்துல சொன்ன சொல்லு சொல்லுதானே?

எல்வுட்: சொல்லுதான். போ.

கோரின்: கதவச் சாத்திட்டுப் போ தம்பி! ...ம். போயிட்டான். இப்பப் பதம் வந்துடுச்சா?

எல்வுட்: ...வந்துடுச்சு. இந்தாங்க. சூடு, பாத்து.

கோரின்: ம்ம்... நல்லா இருக்கு. கிணத்துத் தண்ணியா?

எல்வுட்: ...கிணத்துத் தண்ணிதான்.

கோரின்: கொப்பரை நெறையவா?

எல்வுட்: நெறைய. விடியக்காலம்லேந்து சுமந்தேன். இடுப்பு கழண்டு போச்சு.

கோரின்: ஏன் எல்வுட்?

எல்வுட்: மலைக்கு அந்தப் பக்கம் போற கணவாய் ரோட்ல பனி தள்றவன் நான் அண்ணி. மேல வரைக்கும் தள்ளிட்டுத் திரும்பிப் பாத்தா, பின்னாடி மறுபடி மூடியிருக்கும். போன மாசம் ஒரு நாள் வண்டி அங்கயே சறுக்கி நின்னுடுச்சு. முன்னாடியும் வெள்ளை, பின்னாடியும் வெள்ளை. இந்த எடத்துல ஆறு வயசுப் பிள்ளைங்களோட பஸ் நின்னா என்ன ஆகும்னு நினைச்சேன். பயந்துட்டேன் அண்ணி.

கோரின்: அத எந்திரிச்சுச் சொல்லியிருந்தா ஊரே கேட்டிருக்குமே.

எல்வுட்: லூசியன் மூஞ்சியப் பாத்தீங்கல்ல? அவனுங்க என்னை நம்பித்தான் நின்னானுங்க. அவனுங்க முன்னாடி மாத்திப் பேச வாய் வரல. அடுப்பு மூட்டத்தான் கை வந்துச்சு.

கோரின்: நல்ல கை.

எல்வுட்: ஆனா ஒண்ணு அண்ணி, இது பலிக்குமான்னு சந்தேகமாத்தான் இருந்துச்சு. எல்லாரும் கூட்டத் தலைவரப் பாத்து உக்காந்திருப்பாங்க. ஜன்னல் முதுகுக்குப் பின்னாடி. நான் நாள் பூரா காய்ச்சினாலும் எவனும் திரும்பிப் பாக்கலேன்னா? எந்தப் புண்ணியவானோ பாத்துக் கத்தியிருக்கான். அவன் யாருன்னு தெரிஞ்சா நிஜப் பாகுல ஒரு கேன் குடுப்பேன்.

கோரின்: பெரிய கேனாவே குடு. காலைல என் வாளியெல்லாம் பாத்துட்டுத்தான் கூட்டத்துக்கு வந்தேன், அத்தனையும் ஐஸு. ஜன்னல்ல உன் ஆவி தெரிஞ்சதும் எனக்கு விஷயம் புரிஞ்சுபோச்சு. அப்புறம் எந்திரிச்சு நின்னு நான் கத்துன கத்துல... இன்னொரு கோப்பை ஊத்து எல்வுட், தொண்டை இன்னும் வலிக்குது.