சாருக்குச் சொன்ன தமிழ்

எங்கள் ஆபீசில் டீ எப்போதும் ஆறித்தான் வரும். அனிருத் சாருக்கு மட்டும் நான் மறுபடி சுடவைத்துக் கொடுப்பேன். பதினேழு வருஷமாக அவருடைய செயலாளர் நான். எதையும் அவருக்கு ஏற்ற பக்குவத்தில் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் என் வேலையில் பாதி.

டெல்லி கரோல் பாகில் வேலைக்குப் போகும் பெண்களுக்காக எங்கள் டிரஸ்ட் ஒரு விடுதி நடத்துகிறது. சார் அதன் தலைவர். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். கெட்ட செய்தி அவருக்கு ஆகாது. ஒருமுறை தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டதை ஹிந்தியில் நேராகச் சொன்னேன். மூன்று வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் மேஜை கழிப்பறைக்கு எதிரே போனது. அந்த மூன்று வாரமும் யாரும் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை.

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். சாருக்கு வீட்டில் பேசுகிற கொஞ்சம் தமிழ்தான் தெரியும். ஆனால் தெரியாது என்று ஒப்புக்கொள்ள மாட்டார். நல்ல எழுத்துத் தமிழில் சொன்னால் தலையை ஆட்டி, "அச்சா, அச்சா, செஞ்சுடலாம்" என்பார். கோபம் வராது. நானும் ஃபைலில் 'தலைவரிடம் தெரிவிக்கப்பட்டது' என்று எழுதித் தேதி போட்டுவிடுவேன்.

டிசம்பரில் வார்டன் சாந்தகுமாரி வந்தாள்.

"ராஜிக்கா, ரெண்டாவது மாடி பாத்ரூம்ல கேஸ் கீசர் சரியில்ல. குளிருக்குன்னு ஜன்னலை வேற அட்டை வச்சு அடைச்சிருக்காங்க. நேத்து ஒரு பொண்ணு தலை சுத்தி உக்காந்துட்டா. சார்கிட்ட பச்சையா சொல்லுங்க. உங்க பாஷையில சொல்லாதீங்க."

"என் பாஷைக்கு என்னடி குறை?"

"அதுல சொன்னா சாவுச் செய்திகூட கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும்."

சிரித்துக்கொண்டே சாரின் அறைக்குப் போனேன்.

"இரண்டாம் தளத்து வெந்நீர்க் கலனில் நச்சுக்காற்று தேங்குகிறது. அங்கே நீராடுவோர் மாளவும் கூடும். மாற்றுவதற்குத் தங்கள் இசைவு வேண்டும்."

"எவ்வளவு அழகா பேசறீங்க ராஜிஜி. எங்க அம்மா கேட்டிருக்கணும். செஞ்சுடலாம்."

கீசர், கேஸ், பாத்ரூம் எல்லாம் அவருக்குத் தெரிந்த சொற்கள். அவற்றைத் தவிர்க்கக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது.

சாந்தகுமாரியிடம், "சொல்லிட்டேன், சரின்னுட்டார்" என்றேன். ஆள் வரும்வரை இருக்கட்டும் என்று அவள் அந்த பாத்ரூமைப் பூட்டினாள். ஆள் வரவில்லை. பதினோரு பெண்களுக்கு மிச்சமிருந்தது ஒரே பாத்ரூம். தினமும் காலையில் சண்டை. ஒருத்தி சாருக்கே போன் செய்யப்போவதாகச் சொன்னாள். செய்திருந்தால் அவர் என்னைக் கூப்பிட்டு ஹிந்தியில் கேட்டிருப்பார். நானும் ஹிந்தியில் பதில் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு ஐம்பத்தாறு வயது. இன்னொரு மூன்று வாரத்துக்கு என் உடம்பில் தெம்பு இல்லை.

சாந்தகுமாரி லீவில் இருந்த திங்கட்கிழமை நான் விடுதிக்குப் போய்ப் பூட்டைத் திறந்தேன். மானசா துண்டும் வாளியுமாக நின்றுகொண்டிருந்தாள். சேலத்துப் பெண், இருபத்துமூன்று வயது.

"ரிப்பேர் ஆயிடுச்சா ஆன்ட்டி?"

"சார்கிட்ட சொல்லியாச்சும்மா."

அது பொய் இல்லை. அவள் தேங்க்ஸ் சொன்னாள். அன்று தப்பித்துக்கொண்டாள். மறுநாள் ஏழரைக்குக் குளிக்கப் போனாள். எட்டேகாலுக்குக் கதவை உடைத்தார்கள்.

அவருக்குப் புரியாது என்று எனக்குத் தெரியுமா என்று நீங்கள் மூன்று முறை கேட்டுவிட்டீர்கள், இன்ஸ்பெக்டர். தெரியும். புரியக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன். பூட்டைத் திறந்தபோது கீசரை யாரும் தொடவில்லை என்பதும் தெரியும். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

மானசாவின் அப்பா வெளியே உட்கார்ந்திருக்கிறார் என்றீர்கள். ஹிந்தி தெரியாது, யார் என்ன சொன்னாலும் விழிக்கிறார் என்றீர்கள். அவரிடம் நானே போய்ப் பேசுகிறேன். மனம் நோகாமல் இதைச் சொல்ல இங்கே என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?