வாரம் ஒரு மேடை

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பேருந்தில், என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னது காதில் விழுந்தது.

"மூணு வருஷம் மேடை மேடையா பாடிக்கினு இருந்தேன்க்கா. ஒருத்தர்கூட உக்காந்து கேட்டதில்ல."

"ஏன்டி? பி.ஏ. வாய்ப்பாட்டுதானே படிச்ச? என் பொண்ணுக்கும் உன் காலேஜுலதான் ஃபாரம் வாங்கிக்கினு வர்றேன்."

"வாரம் ஒரு மேடைன்னாங்க, அதுக்குத்தான் சேர்ந்தேன். பாத்தா, எந்த விழான்னாலும் கடவுள் வாழ்த்து மட்டும்தான். எல்லாரும் எழுந்து நிப்பாங்க. நான் முடிச்சதும் உக்காருவாங்க. நான் எறங்கிடுவேன்."

"வேற காலேஜு கெடைக்கலியா?"

"கெடைச்சுது. அங்க வருஷத்துக்கு ஒரே மேடைதான்னாங்க. வேணாம்னுட்டேன்."

மயிலம் தாண்டியபின் அவளே மறுபடி சொன்னாள்.

"அங்க அந்த ஒரு மேடை, ரெண்டு மணி நேரக் கச்சேரியாம்க்கா."