முப்பத்தோரு பேருக்கு ஒரே கதவு

— நாற்காலிய விட்டு எழுந்திரிக்காம, காபி ஆறுறதுக்குள்ள, அறுநூறு ஏக்கர் காட்ட முழுங்கினவனப் புடிச்சுட்டேன்டா தம்பி!

— அக்கா, போன மாசம் விசிலடிச்சே புலிய விரட்டினேன்னு போன் பண்ணுனே. வந்து பாத்தா பூனை.

— பெரிய பூனை! இதக் கேளு. மரம் வெட்டி அபராதம் வாங்கினவங்க பட்டியல வனத்துறை இணையத்துல போட்டிருக்குல்ல?

— எங்க நிருபர் ரெண்டு நாள் அலசிட்டான். முப்பத்தோரு பேரு, ஆளுக்கு இருபது ஏக்கர். எல்லாருக்கும் முதல் குற்றம், அதனால சின்ன அபராதம். ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தமே இல்ல.

— அவன் பேரப் பாத்தான். நான் முகவரியப் பாத்தேன். ஒருத்தன் ‘பழைய எண் ஒன்பது’ங்கறான், ஒருத்தன் ‘புது எண் பதினேழு’ங்கறான், இன்னொருத்தன் ‘மருந்துக்கடை மாடி’, வேறொருத்தன் ‘மணிக்கூண்டு எதிரே’. கம்ப்யூட்டருக்கு அது வேற வேற வீடு. தபாலாபீஸ்ல முப்பத்தாறு வருஷம் கோடி கோடியா கடிதம் பிரிச்சவளுக்கு ஒரே கதவு!

— உன் கரண்ட் பில்லே பக்கத்து வீட்டுக்குத்தான் போகுது.

— அது நான் ரிட்டயர் ஆனப்புறம்! அந்த மாடி உன் பத்திரிகை ஆபீசுக்கு எதிர்ல தானே? போய்த் தட்டு.

— ஆறு மணிக்கு முதல் பக்கம் அச்சுக்குப் போகணும்க்கா. மரக்காவலர் விருது வாங்கின மரமில் முதலாளி பேட்டி, அரைப்பக்கப் படத்தோட. ஒரு அபராதம்கூட இல்லாத மனுஷன்னு நாளைக்கு அவருக்கு இன்னும் ஆயிரம் ஏக்கர் காடு குத்தகைக்குக் குடுக்கறாங்க. இந்த நேரத்துல ஆசிரியர் போய்க் கதவு தட்டிக்கிட்டு...

— ‘பதிவுத் தபால்’னு மட்டும் சொல்லு. யாருக்குன்னு சொல்லாத.

— சரி, ரோட்டக் கடந்துட்டேன். படி ஏறுறேன். ஒண்ணும் இல்லன்னா ஒரு வருஷத்துக்கு நீ எனக்கு போன் பண்ணக்கூடாது.

— ஒரு வாரம்!

— உஷ்...

— தட்டினியா? டேய்! யாருடா? பேசுடா, என் காபி நிஜமாவே ஆறிடுச்சு!

— கீழ இறங்கிட்டேன். மூச்சு வாங்குது.

— திறந்தாங்களா?

— பேனாவும் கையுமா வந்து, ‘எந்தப் பேருக்கு வந்திருக்கு?’ன்னு கேட்டாரு.

— ஹா!

— பட்டியல்லேர்ந்து பத்துப் பேரச் சொன்னேன். பத்துக்கும் ‘நான்தான், குடுங்க’ன்னாரு.

— ஆளு யாருடா, அதச் சொல்லு!

— நீ சொன்னது அப்படியே நடந்துச்சுக்கா, ஒத்துக்கறேன். முதல் பக்கத்த நிறுத்தத்தான் ஓடிக்கிட்டிருக்கேன். கதவத் திறந்ததே அந்த அரைப்பக்கப் படம்தான்!