பட்டியலில் இருந்த பெயர்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை; பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்தடி நூல்நிலைய வரிசையில் எனக்கு முன்னால் நின்றவரிடம், புத்தகம் திருப்பித் தராதவர்களின் பட்டியலை நூலகர் காட்டினார்.

“உங்கட மகளின்ர பேர், அண்ணை. எகிப்துக் கல்லறையளைத் தோண்டின கதை, சிறுவர் புத்தகம். பாடமாக்கிறாவோ?”

“பெட்டிக்குள்ள வச்சிட்டம், தம்பி.”

“என்ன பெட்டி?”

“சவப்பெட்டி. ஆயிரம் வருசத்தால ஆரும் கிண்டினால், தான் என்ன வாசிச்சது எண்டு தெரியவேணுமாம். காய்ச்சலிலயும் அதே கதைதான்.”

நூலகர் பேனையை எடுத்தார்.

“பேரை வெட்டிவிடுறன், அண்ணை.”

“வேண்டாம், இருக்கட்டும். கல்லறையில இன்னும் பேர் எழுதேல்ல. இங்க மட்டுந்தான் இருக்கு.”

அடுத்த நாள் புதுப் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். அதில் அந்தப் பிள்ளையின் பெயர் இல்லை.